பதிவேட்டில் எழுதிய சூடு

வேலையை விட்டு வந்த பிறகு நான் புதிதாகக் கற்றுக்கொண்ட ஒரே வித்தை பகல் தூக்கம். சுங்கை காடுட்டில் மகள் வீட்டு முன்ஹாலில், மதியம் இரண்டு மணிக்குக் காற்றாடியை மூன்றாம் வேகத்தில் வைத்துவிட்டுப் பாயில் சாய்ந்தால், கண் மூடியும் மூடாமலும் ஒரு மயக்கம் வரும். தூரத்தில் தொழிற்சாலைச் சங்கு ஊதும். அது எனக்குத் தோட்டத்தில் காலைப் பெரட்டில் பேர் கொடுக்க ஆள் கூப்பிடும் மணியாகக் கேட்கும். கண்ணுக்குள்ளே செம்பனை மட்டைகள் மெல்ல அசைய ஆரம்பிக்கும். கிளினிக் வாசல் பெஞ்சில் ஆட்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். எல்லாரும் தெரிந்த முகங்கள்தான். வரிசை எப்போது நகரும் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

தோட்டத்துக் கிளினிக்குகளில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்கள் சிலர், வெயில் காலத்தைப் பற்றி எழுதிக் கொடுங்கள் மிஸ்ஸி என்று கேட்டிருக்கிறீர்கள். பாயிண்ட் பாயிண்டாக வேண்டும் என்று உங்களில் ஒரு தம்பி செய்தி அனுப்பியிருந்தார். பாயிண்ட் எல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் கொடுத்த புத்தகத்திலேயே இருக்கிறது தம்பி. அதை எழுதியவர்கள் என்னைவிடப் படித்தவர்கள். என்னிடம் இருப்பது ஒரு தப்பு. அதைத்தான் எழுதப் போகிறேன், பொறுமை இருந்தால் படியுங்கள்.

முப்பத்தோரு வருஷம் நான் தோட்டத்து நர்ஸ். நர்ஸ் என்று யாரும் கூப்பிட்டதில்லை, எல்லாருக்கும் மிஸ்ஸிதான். முதல் நான்கு வருஷம் கோலா கிளாவாங் பக்கம், மலையடிவாரத்தில். அங்கே விடியற்காலையில் பனி இறங்கி நிற்கும், வெயில் என்றால் துணி காய வைக்கிற சமாசாரம். மீதி வருஷமெல்லாம் புக்கிட் பெலண்டோக் பக்கத்தில், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம். அங்கே போய்த்தான் வெயில் என்றால் என்ன என்று தெரிந்தது என்று சொன்னால் பொய். அங்கே இருபது வருஷத்துக்கு மேல் இருந்தும் தெரியாமல்தான் இருந்தது.

நான் சொல்லப்போவது மழை மறந்துபோன ஒரு வருஷம். சீனப் பெருநாளுக்கு முன்னால் பெய்த மழைதான் கடைசி. அப்புறம் வாரக்கணக்கில் வானம் வெள்ளைத் துணி மாதிரி கிடந்தது. செம்பனைக்குள் நடந்தால் காய்ந்த மட்டை காலடியில் நொறுங்கும். குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர். மதிய வேளைகளில் தோட்டம் முழுக்க ஒரு தூக்கம் பிடித்திருக்கும். நாய்கள் ஆட்கள் குடியிருக்கிற லயத்துச் சாக்கடையில் படுத்துக் கிடக்கும். மேல்சாலையில் போகிற லாரி தார் மேல் மிதந்து வருவதுபோலத் தெரியும். நான் கிளினிக் ஜன்னல் வழியே அதையெல்லாம் பார்த்துக்கொண்டு, ரொம்ப அழகாக இருக்கிறதே என்றுகூட நினைத்திருக்கிறேன். எனக்கென்ன, தலைக்கு மேல் காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வருஷம் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. வெப்பமானி இத்தனை டிகிரியைத் தாண்டினால் வெளிவேலையை நிறுத்த வேண்டும், கிளினிக்கில் தினமும் பார்த்து எழுத வேண்டும் என்று. ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி ஒரு வெப்பமானியைக் கொண்டுவந்து கிளினிக்கின் பின்சுவரில் ஆணியடித்து மாட்டினார். பின்சுவருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மழைமரம். மத்தியானத்தில் பூனைகள் குட்டி போடுகிற அளவுக்கு அங்கே குளுமை. நானும் தினம் பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்து எழுதினேன். ஒரு நாளும் அது கோட்டைத் தாண்டவில்லை. நான் எழுதிய எண்ணில் பொய் கிடையாது. ஆனால் அந்த மரத்தடியில் யாரும் வேலை செய்யவில்லை.

மாதக் கடைசியில் இன்னொரு படிவம். வெயிலால் நோயுற்றவர்கள் எத்தனை பேர் என்று ஒரு கட்டம். சைபர். அடுத்த மாதமும் சைபர். எனக்கு சைபர் போடுவது பிடிக்கும், வட்டமாக, அழகாக வரும். அதே மாதங்களில் ஆபீஸ் மின்சார மீட்டர் தாறுமாறாக ஏறியிருந்தது. ஏர்கான் நிற்காமல் ஓடுது மிஸ்ஸி, யூனிட்டைப் பார்த்தா தல சுத்துது என்று கிராணி என்னிடமே வந்து புலம்பினார். சுவரில் இருந்த மீட்டருக்குத் தெரிந்த வெயில் என் பதிவேட்டுக்குத் தெரியவில்லை.

இனி லெட்சுமி.

லெட்சுமி மருந்தடிக்கிற கேங்கில் வேலை செய்தவள். களைக்கொல்லிக்குத் தோட்டத்தில் மருந்து என்றுதான் பேர். காய்ச்சலுக்கு நான் கொடுப்பதும் மருந்து, புல்லைச் சாகடிப்பதும் மருந்து. நம்ம தமிழ் இப்படித்தான், அதை வைத்துக்கொண்டுதான் நாம் வைத்தியம் பார்க்க வேண்டும். அந்த கேங்கில் எட்டுப் பெண்கள். முழுக்கை பிளாஸ்டிக் அங்கி, ரப்பர் கையுறை, முழங்கால் வரைக்கும் பூட்ஸ், மூக்குமூடி, முதுகில் மருந்து டாங்கி. லெட்சுமிக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. வாய் ஓயாத பொம்பளை. அவள் வரிசையில் நின்றால் மற்றவர்களுக்கு நோய் பாதி குறைந்துவிடும், அப்படிச் சிரிக்க வைப்பாள். புருஷன் ரவி தோட்டத்து டிராக்டர் ஓட்டினான்.

ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தாள்.

"மிஸ்ஸி, சூடு புடிச்சிருக்கு."

"எத்தன நாளா?"

"நாலஞ்சு நாளா. ஒண்ணுக்குப் போனா எரியுது. சொட்டு சொட்டாத்தான் வருது, அதுவும் டீ கலர்ல."

"சனிக்கிழம கல்யாண வீட்டுல ஆட்டுக்கறிய வெளுத்துக் கட்டினியா?"

"கொஞ்சந்தான் மிஸ்ஸி."

"ஒன் கொஞ்சம் எனக்குத் தெரியாதா? பார்லி தண்ணி காச்சிக் குடி. தலைக்கு நல்லெண்ண வச்சுக் குளி."

"தலையும் கிர்ருன்னு சுத்துதுலா மிஸ்ஸி."

"சூடுன்னா அப்படித்தான் சுத்தும்."

இதைச் சொன்னது நான்தான். நீர்க்கடுப்புக்கு உள்ள பொடி நாலு பாக்கெட் எடுத்துக் கொடுத்தேன், தண்ணீரில் கலக்கிக் குடி என்றேன். பதிவேட்டில் 'சூடு' என்று எழுதி, பக்கத்தில் நீர்க்கடுப்பு என்று போட்டேன். எம்.சி. கேட்டாள், ஒரு நாள் லீவு. சூட்டுக்கெல்லாம் எம்.சி. கொடுத்தால் தோட்டத்தில் யார் வேலைக்குப் போவது என்று கிண்டல் பண்ணி அனுப்பிவைத்தேன். அவளும் சிரித்துக்கொண்டுதான் போனாள்.

உங்களில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சூடு என்ற சொல் நம் காதில் விழுந்த உடனே மூளை அடுப்படிக்குப் போய்விடும். என்ன தின்றாய், எண்ணெய் வைத்தாயா, இளநீர் குடித்தாயா என்றுதான் வாய் கேட்கும். அம்மா கேட்டாள், அம்மாவுக்கு அவள் அம்மா கேட்டாள். சூடு என்றால் சாப்பாட்டால் வருவது, உடம்புக்குள்ளே இருப்பது. வெளியே கொளுத்துகிறதே அதற்கு வெயில் என்று வேறு பேர். இரண்டும் இரண்டு வீட்டுப் பிள்ளைகள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். படித்த படிப்பெல்லாம் சட்டையோடு போட்டது, இது தோலோடு வந்தது.

வியாழக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். நான் பின்சுவரில் வெப்பமானியைப் பார்த்துவிட்டு வருகிறேன், டிராக்டர் சத்தம் கேட்கிறது. ரவி அப்படி வேகமாக ஓட்டி நான் பார்த்ததில்லை. பின்னால் டிரெய்லரில் மண்டோர் சுப்ரா, அந்த கேங்குக்கு மேஸ்திரி, லெட்சுமியை மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். அங்கி, பூட்ஸ் எதையும் கழற்றவில்லை. அது போதாதென்று மேலே ஒரு கைலியைப் போர்த்தியிருந்தார்கள். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டதாம், குளிர் ஜுரம் என்று நினைத்துப் போர்த்தினார்களாம்.

"மருந்து ஏறிருச்சு மிஸ்ஸி! மூக்குல போயிருக்கும்!" என்று மண்டோர் கத்தினார்.

லெட்சுமி பேசிக்கொண்டிருந்தாள். அவளுடைய அக்காளோடு பேசிக்கொண்டிருந்தாள், பாசாரில் வளையல் வாங்கலாம் வா என்று கொஞ்சினாள். சின்னப் பெண் குரல். அக்காள் செத்துப்போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்தது. நெற்றியில் கை வைத்தேன், சுட்டது என்று சொன்னால் போதாது. தெர்மாமீட்டர் காட்டிய எண்ணைப் பார்த்துவிட்டு அதை மேசையில் வைத்தேன். இரண்டாம் தடவை வைத்துப் பார்க்கவில்லை.

மருந்தா, வெயிலா? அவள் கண் பாவையைப் பார்த்தேன், வாயைப் பார்த்தேன், நுரை இல்லை, நாக்கு காய்ந்த இலைபோல் கிடந்தது. எனக்கு வெயில்தான் என்று தோன்றியது. நிச்சயமாகத் தெரிந்ததா என்றால், தெரியாது. அப்போது எனக்குள் ஒரு சின்ன அமைதி வந்தது. இரண்டில் எதுவாக இருந்தாலும் அந்த அங்கியைக் கழற்றத்தான் வேண்டும். உங்களுக்கும் ஒரு நாள் இப்படி ஆகும். இதுவா அதுவா என்று மனசு ஊஞ்சலாடும்போது, இரண்டுக்கும் பொதுவாக என்ன செய்ய வேண்டுமோ அதை முதலில் செய்யுங்கள்.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். வர எப்படியும் முக்கால் மணி நேரம். யோசனை கேட்க ஆஸ்பத்திரி டாக்டரைப் பிடிக்கப் பார்த்தேன், அந்தப் பள்ளத்தில் போன் லைன் விட்டு விட்டுத்தான் கிடைக்கும், கிடைக்கவில்லை. ரவி மானேஜருடைய காடியை எடுத்துவந்து வாசலில் நிறுத்திவிட்டான். தூக்குங்க, நானே கொண்டுபோறேன் என்றான். காடியில் ஏற்றினால் நாற்பது நிமிஷம் அவள் அதே கொதிப்போடு போக வேண்டும். மூளை வெந்துபோகும். போகக் கூடாது, முதலில் இங்கேயே குளிர வைக்க வேண்டும் என்றேன். சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்தேன். அன்றைக்குத் தண்ணீர் இல்லாத நாள். பிடித்து வைத்திருந்தது இரண்டு வாளி.

அப்போதுதான் மீன்கார பாயின் வேன் ஹார்ன் அடித்தது. வாரம் இரண்டு நாள் லுக்குட்டிலிருந்து வருவார், பதினொரு மணிக்குக் கிளினிக் முன்னால்தான் நிறுத்துவார். நான் வாசலுக்கு ஓடிப்போய், "பாய், ஐஸ்! ஐஸ் வேணும்!" என்று கத்தினேன்.

அந்த மனுஷன் எதற்கு, எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெள்ளைப் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி உள்ளே கொண்டுவந்தார். மீன்களைக் கை நிறைய அள்ளி வராந்தாவில் போட்டுவிட்டு ஐஸை என் பக்கம் தள்ளினார். அப்புறம் வாசலுக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஒரு பெண்ணின் உடுப்பைக் கழற்றப் போகிறார்கள் என்று அவருக்குப் புரிந்திருந்தது. மண்டோரும் அதைப் பார்த்துவிட்டு வெளியே போய் அவர் பக்கத்தில் நின்றார்.

ஐஸைப் பார்த்ததும் ரவி என் கையைப் பிடித்துவிட்டான்.

"வேணாம் மிஸ்ஸி! சூட்டு ஒடம்புல ஐஸ் வச்சா ஜன்னி வந்துரும்லா! செத்துருவா!"

எனக்கும் நேரம் இல்லை, அவனுக்கும் தலையில் ஏறப்போவதில்லை. இருந்தாலும் டிராக்டர்காரனாச்சே, அவன் பாஷையில் சொல்லுவோம் என்று எனக்கு ஒரு கெட்டிக்காரத்தனம்.

"ஒன் டிராக்டர் எஞ்சின் சூடாயிட்டா என்னடா பண்ணுவ? தண்ணி ஊத்தமாட்டியா?"

"ஊத்தமாட்டேன் மிஸ்ஸி! கொதிக்கிற எஞ்சின்ல பச்சத்தண்ணி ஊத்துனா பிளாக் வெடிச்சிரும்!"

அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது, அன்றைக்கு அழுகை வந்தது. உவமை சொல்லி ஆளைத் திருப்புகிற வேலையை அன்றோடு விட்டேன். "வெடிச்சா என் மேல கேசு போடு. இப்ப பூட்ஸக் கழட்டு" என்றேன். என்ன நினைத்தானோ, உட்கார்ந்து கழற்றினான். பயந்து நிற்கிறவனுக்கு விளக்கம் வேண்டாம், கைக்கு ஒரு வேலை வேண்டும். பூட்ஸைக் கவிழ்த்தபோது வியர்வை தரையில் கொட்டியது. அவன் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அங்கியை வெட்டி எடுத்தேன். உள்ளே இடுப்பில் சுருக்குப் பை. அதற்குள் வெற்றிலை, கொஞ்சம் சில்லறை, நான் திங்கட்கிழமை கொடுத்த பொடி பாக்கெட்டுகள். நாலும் பிரிக்காமல் இருந்தன. அதை அப்போது யோசிக்க நேரமில்லை. கக்கத்தில், கழுத்தில், தொடை இடுக்கில் ஐஸை வைத்தேன். வாளித் தண்ணீரில் போர்வையை நனைத்து மேலே விரித்துக் காற்றாடியை முகத்துக்கு நேராகத் திருப்பினேன். அப்புறம் இருபது நிமிஷம்.

அந்த இருபது நிமிஷம்தான் என் பகல் தூக்கத்தில் அடிக்கடி வருவது. அறை முழுக்க ஒரு நீல வெளிச்சம் இருந்ததுபோல் ஞாபகம், அது ஜன்னல் திரையின் நிறமாகத்தான் இருக்கும். ஐஸ் உருகி ஓடிக் கதவைத் தாண்டிப் போனது. அவள் தோளிலும் மார்பிலும் மீன் செதில்கள் ஒட்டிக்கொண்டு மினுங்கின. வராந்தாவில் கெம்போங் மீன்கள் வரிசை கலைந்து கிடந்தன, மழைமரத்துப் பூனைகள் தூரத்தில் உட்கார்ந்து பார்த்தன. ஒரு பூனையும் கிட்டே வரவில்லை. லெட்சுமி அக்காளோடு பேசிக்கொண்டே எங்கேயோ தூரமாக நடந்து போய்க்கொண்டிருந்தாள். அவள் குரல் சின்னதாகிக்கொண்டே போனது. நான் ரவியிடம் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடு என்றேன். அவன் லெட்சு, லெட்சு என்று கூப்பிட்டுக்கொண்டே அவள் பாதத்தில் ஐஸைத் தேய்த்தான்.

நடுவில் அவளுக்கு உடம்பு வெடவெடவென்று நடுங்கியது, பல் கிட்டியது. ரவி என்னை நிமிர்ந்து பார்த்தான். ஜன்னி என்று அவன் வாய் திறந்து சொல்லவில்லை. எனக்கும் அந்த நிமிஷம் சந்தேகம் வந்தது, மறைக்க மாட்டேன். புத்தகத்தில் படித்ததெல்லாம் போய், அம்மா சொன்னது மட்டும் காதில் நின்றது. சூட்டு உடம்பில் பச்சைத் தண்ணீர் படக் கூடாது. கையை எடுத்துவிடலாமா என்று ஒரு மூச்சு நேரம் நினைத்தேன். எடுக்கவில்லை. தைரியத்தால் இல்லை, எடுத்தால் வேறு என்ன செய்வது என்று தெரியாததால்.

நடுக்கம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மூக்கைச் சுளித்தாள்.

"மிஸ்ஸி... மீன் நாத்தம்."

ரவி தரையில் தலையை வைத்து அழுதான். நான் அழவில்லை, எனக்கு ஆம்புலன்ஸ் காகிதம் எழுத வேண்டியிருந்தது.

அவளை ஏற்றி அனுப்பிவிட்டு, பாய் மீனை எல்லாம் பொறுக்கிக்கொண்டு போன பிறகு, சாயங்காலம் நாலு மணிக்குப் பதிவேட்டைத் திறந்தேன். பின்னோக்கிப் புரட்டினேன். சூடு. சூடு. தலைசுற்றல், சூடு. என் கையெழுத்து. போன மாதம் மட்டும் அந்த கேங்கில் ஐந்து பேர் வந்திருக்கிறார்கள், சிலர் இரண்டு தடவை. ஐந்து பேரும் மருந்தடிக்கிற பெண்கள், எல்லாரும் மழை நின்ற பிறகு வந்தவர்கள். நான் ஒவ்வொருத்தியிடமும் என்ன தின்றாய் என்று கேட்டிருக்கிறேன். அதே மேசை டிராயரில் என் சைபர்கள் இருந்தன. தோட்டத்தில் எத்தனை பேரை வெயில் பிடித்திருக்கிறது என்று கேட்டதற்கு, எழுதிக் கையில் வைத்துக்கொண்டே இல்லை என்று பதில் அனுப்பியிருக்கிறேன்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். சிறுநீர்ப் பையும் குழாயுமாகப் படுத்திருந்தாள். வாய் மட்டும் பழைய வாய்.

"நான் அன்னிக்கே சொன்னேன்ல மிஸ்ஸி, சூடுன்னு."

குற்றம் சாட்டவில்லை. சும்மா ஞாபகப்படுத்துவதுபோலச் சொன்னாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "சொன்ன லெட்சுமி. எனக்குத்தான் கேக்கல" என்றேன். பிறகு அந்தப் பொடியை ஏன் பிரிக்கவில்லை என்று கேட்டேன்.

"ஒரு பாக்கெட்டுக்கு ஒரு கிளாஸ் தண்ணி வேணுமே மிஸ்ஸி."

"குடிக்கிறதுக்கென்ன? கேங்குக்குத்தான் டிரம்ல தண்ணி போகுதே?"

அவள் பக்கத்துக் கட்டிலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "குடிச்சா ஒண்ணுக்கு வரும். காட்டுல எங்க போறது? மண்டோரு நிக்கிறாரு, டிராக்டருல ஆம்பளைங்க நிக்கிறாங்க. அங்கி, பூட்ஸு எல்லாத்தையும் அவுத்து மாட்ட அர மணி நேரம். காலையில பெரட்டுக்குப் போறப்ப வாய நனைச்சுக்குவோம், அப்புறம் வீட்டுக்கு வந்துதான். எல்லாருமே அப்படித்தான் மிஸ்ஸி. ஒங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. நானும் ஒரு பொம்பளை. ஆனால் என் கிளினிக்கின் பின்னால் தாழ்ப்பாள் போட்ட ஒரு கதவு இருந்தது. இருபது வருஷமாக ஒரு நாளைக்கு நாலைந்து தடவை அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுத் திறந்திருக்கிறேன், ஒரு தடவையும் அவர்களை நினைத்ததில்லை. அன்று ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் வெயிலைப் பார்த்தேன். வெட்கம் என்றால் அதுதான் வெட்கம்.

மாதக் கடைசியில் படிவம் வந்தது. காய்ச்சல் என்று போட்டுவிடலாமே மிஸ்ஸி, எதுக்கு வம்பு, நீங்கதானே திங்கக்கிழம பாத்து அனுப்பிச்சீங்க என்றார் கிராணி. கெட்டவர் இல்லை, என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். நான் கட்டத்தில் ஒன்று என்று எழுதினேன். இன்னொரு தாள் எடுத்து, போன மாதங்களில் நான் போட்ட சைபர்கள் சைபர் இல்லை, இந்தப் பதிவேட்டைப் பாருங்கள் என்று எழுதிப் பக்கங்களை நகலெடுத்து இணைத்தேன். பதில் ஒன்றும் வரவில்லை. அதற்காக நான் எழுதாமல் இருந்திருக்க முடியாது.

பிறகு ஆபீசில் ஒரு கூட்டம். மானேஜர் நல்ல மனசோடு தண்ணீர் டிரம்மை இரண்டாக்கச் சொன்னார். நான் எழுந்து, தண்ணீர் வேண்டாம் சார், கக்கூஸ் வேண்டும் என்றேன். ஆண்கள் எல்லாரும் மேசையைப் பார்த்தார்கள். மண்டோர் சுப்ராவின் முகம் கறுத்துவிட்டது. வெளியே வந்து, "எங்கிட்ட யாரும் சொல்லலியே மிஸ்ஸி" என்றார். பாவமாகத்தான் இருந்தது. "ஒங்ககிட்ட எப்படி மண்டோர் சொல்லுவாங்க?" என்றேன். அடுத்த வாரம் அவரே நாலு குழாயை வெல்டிங் வைத்து, பச்சைக் கேன்வாஸ் சுற்றி, கேங் போகிற இடமெல்லாம் டிராக்டரில் கூடவே போகிற மாதிரி ஒரு மறைப்பு செய்தார். டிராக்டரை ஓட்டியது ரவி. பத்து மணிக்கு மேல் மருந்தடிப்பதும் நின்றது. வெப்பமானியைக் கழற்றி கேங்கோடு அனுப்பினேன். முதல் நாளே அது கோட்டைத் தாண்டியது.

இந்த இடத்தில் நிறுத்தினால் நல்ல கதைதான். உங்கள் கூட்டத்தில் கைகூடத் தட்டுவீர்கள். ஆனால் லெட்சுமியின் சிறுநீரகம் முழுசாகத் திரும்பவில்லை. அந்த ஒரு நாளால் மட்டும் ஆனது இல்லை, வருஷக்கணக்கில் காயப்போட்ட உடம்பு, அன்றைக்கு முறிந்தது என்றார் டாக்டர். கொஞ்சம் தேறினாள், பிறகு வருஷா வருஷம் சிறுநீரகத்தின் வேலை இறங்கிக்கொண்டே போனது. இப்போது வாரம் மூன்று நாள் மெஷினில் ரத்தம் சுத்தம் செய்கிறார்கள். அந்த மெஷின் உள்ள இடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ரவி தோட்டத்தை விட்டுவிட்டு இங்கே சுங்கை காடுட்டில் தொழிற்சாலை வேலைக்கு வந்துவிட்டான். என் மகள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார்கள்.

அன்றைக்கு அவளுக்கு ஒரு நாள் எம்.சி. கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்டுக்கொள்வதுண்டு. தெரியாது. டாக்டரிடம் கேட்டேன், அவருக்கும் தெரியாது. தெரியாததோடு இருக்கப் பழகுவதும் நம் வேலையில் சேர்த்திதான் போல. உங்களிடம் வருகிறவர்கள் புத்தகத்தில் உள்ள வார்த்தையைச் சொல்லமாட்டார்கள். சூடு என்பார்கள். பங்களாதேஷிலிருந்து வந்தவர்கள் ஒன்று சொல்வார்கள், இந்தோனேசியாக்காரர்கள் காற்று புகுந்துவிட்டது என்பார்கள். சொன்னதைச் சொன்னபடி எழுதுங்கள். எழுதியதை வாரம் ஒரு தடவை உட்கார்ந்து படியுங்கள். யார் யார் ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள், அவர்கள் நாளெல்லாம் எங்கே நிற்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள்.

நேற்று சாயங்காலம் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். இரண்டு மாடி ஏறியதில் எனக்கு மூச்சு வாங்கியது, ஊரெல்லாம் மறுபடியும் புழுக்கம். ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மெலிந்துவிட்டாள், கை நரம்பு கயிறாகப் புடைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து போய், குளிர்பெட்டியிலிருந்து உயரமான கண்ணாடிக் கிளாஸ் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கிளாஸுக்கு வெளியே முத்து முத்தாக வேர்த்திருந்தது.

"ஒனக்கு?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எனக்கு இன்னிக்கு உள்ளது முடிஞ்சிருச்சு மிஸ்ஸி. தண்ணி ஒடம்ப விட்டு எறங்காதுல்ல, ஒரு நாளைக்கு ரெண்டு கிளாஸ்தான், சாம்பாரு ரசம் எல்லாம் சேத்து. நாக்கு ஒட்டிக்குச்சுன்னா ஒரு ஐஸ் கட்டிய வாயில போட்டுக்குவேன்."

நான் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாஸைக் கீழே வைக்கப் போனேன்.

"முழுசா குடிங்க மிஸ்ஸி" என்றாள். "நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

குடித்தேன். என் தொண்டை ஏறி இறங்குவதை அவள் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிச் சொட்டு வரைக்கும் பார்த்தாள்.

"நல்லா இருந்துச்சா மிஸ்ஸி?"

"இருந்துச்சு லெட்சுமி" என்றேன்.